சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடத் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். பள்ளி ஆசிரியர்களுக்குத் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணியும் கூடவே வந்துவிடும், எனக்கும் அப்படித்தான். பூத்தில் உட்கார்ந்திருக்கும்போது மக்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல், ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் சுலபமாகத் தீர்ந்திருக்கும் ரகம். அன்றைக்குக் கேட்டால் எங்களால் கையைப் பிசையத்தான் முடியும். அதனால் இங்கே பூத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் நிறையப் பேச்சு.

என்னிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது. அது போதாதா?

போதாது. அட்டை நீங்கள் யார் என்று காட்டும், அவ்வளவுதான். ஓட்டுப் போடும் உரிமை, அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான். பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்து போயிருந்தால் வேறு ஆவணம் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால், மாவட்ட ஆட்சியரே பக்கத்தில் வந்து நின்றாலும் போட முடியாது.

இதை நம்ப வைப்பதுதான் பெரும் பாடு. பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காலையிலேயே வரிசையில் நின்று வருவார்கள். "காலங்காலமா இதே பள்ளிக்கூடத்துலதான் போடுறேன் சார், நல்லாப் பாருங்க" என்பார்கள். நாங்களும் பட்டியலின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டுவோம். கட்சிகளின் பூத் ஏஜென்ட்களும் தங்கள் கையில் இருக்கும் பட்டியல் படியில் தேடுவார்கள். இல்லையென்றால் இல்லைதான்.

இப்போது இது முன்னைவிட முக்கியம். 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பேச்சு வழக்கில் எஸ்.ஐ.ஆர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கினார்கள். அதற்கு முன் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் 5.43 கோடி ஆனது. அதாவது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பிறகு மனுக் கொடுத்து மறுபடி சேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே "போன தேர்தலில் போட்டேனே" என்பதை இந்த முறை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்தில் (வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன்) அல்லது 'இசிஐநெட்' செயலியில் அட்டை எண்ணைப் போட்டால் வந்துவிடும். இணையம் சரிப்படாதவர்கள் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட நல்ல வழி உங்கள் பகுதி பி.எல்.ஓ.வைப் பிடிப்பதுதான். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பது அவருடைய முழுப் பதவிப் பெயர். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார், தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

பெயர் கிடைத்ததும் "இருக்கு" என்று மூடிவிடாதீர்கள். தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடியின் பெயர் நான்கையும் எழுதி வையுங்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் நாலைந்து பூத் இருக்கும். பாகம் எண் தெரியாமல் போனால் ஒரு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, "உங்களுக்குப் பக்கத்து ரூம்" என்று கேட்க வேண்டி வரும். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் போகக்கூடாது என்று ஆணையம் இப்போது வரம்பைக் குறைத்திருக்கிறது. அதனால் பல பூத்கள் பிரிந்து, புதிய பூத்கள் வந்திருக்கின்றன. உங்கள் பெயர் பழைய இடத்தில் இல்லாமல் அடுத்த கட்டடத்துக்குப் போயிருக்கலாம்.

வீட்டில் எல்லோருடைய பெயரையும் தனித்தனியாகப் பாருங்கள். கணவர் பெயர் இருந்து மனைவி பெயர் இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

பெயர் இல்லை. என்ன செய்வது?

படிவம் 6. புதிதாக 18 வயது ஆனவர்களுக்கும், பட்டியலில் பெயர் விடுபட்டுப் போனவர்களுக்கும் அதுதான். இணையத்தில் போடலாம், அல்லது நிரப்பி பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம். வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, ஒரு புகைப்படம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் போன்றவை வயதுக்குச் செல்லும். முகவரிக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இப்படி.

எதுவரை நேரம் இருக்கிறது?

சட்டப்படி, வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் பெயரையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. ஆனால் கடைசி நாளன்று விண்ணப்பித்தால் பலன் இல்லை. உங்கள் மனுவை அறிவிப்புப் பலகையில் போட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஏழு நாள் காத்திருந்து, அதற்கப்புறம்தான் வாக்காளர் பதிவு அலுவலர் முடிவு செய்ய முடியும். வேட்புமனுக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாடியாவது மனு உள்ளே போயிருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்ததும் சுவரொட்டி பார்த்துக்கொண்டு இருந்தால் அந்தப் பத்து நாள் ஓடிவிடும்.

மனுப் போட்டதும் ஒரு எண் கொடுப்பார்கள். அதை வைத்து நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். போட்டோ தெளிவில்லை, சான்று பொருந்தவில்லை என்று மனு நிராகரிக்கப்பட்டிருக்கும், நீங்கள் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு இன்னும் 18 ஆகவில்லை, தேர்தலுக்குள் ஆகிவிடும். போடலாமா?

தேர்தல் நாளை வைத்து வயதைக் கணக்கிடுவதில்லை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். பட்டியல் எந்தத் தகுதி நாளை வைத்துத் தயாராகிறதோ அன்றைக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். முன்பு ஜனவரி 1 மட்டும்தான் இருந்தது. பிப்ரவரியில் பிறந்தவர்கள் ஒரு வருடம் சும்மா காத்திருப்பார்கள். இப்போது 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

இந்த 18 என்பதே 1989-ல் வந்ததுதான். அரசியலமைப்பின் 61-வது திருத்தத்துக்கு முன் 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

வீடு மாறிவிட்டேன். பழைய முகவரியிலேயே போடலாமா?

படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அதே தொகுதிக்குள் மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும், பெயரில் பிழை இருந்தாலும், அட்டை தொலைந்தாலும், மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டியிருந்தாலும் இப்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே படிவம்தான். புது இடத்தில் படிவம் 6 போட்டால் பழைய இடத்தில் உங்கள் பெயர் அப்படியே தங்கிவிடும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. விண்ணப்பத்தில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்களுக்கும் இதே படிவம் 8தான். பட்டியலில் அப்பா பெயர் உறவாக இருந்தால், வேண்டுமானால் கணவர் பெயருக்கு மாற்றலாம், கட்டாயமில்லை.

வேலை சென்னையில், ஓட்டு ஊரில். இது சரியா?

இந்தக் கேள்வியில்தான் பாதிச் சென்னை அடங்கியிருக்கிறது. சட்டம் சொல்வது 'சாதாரணமாக வசிக்கும் இடம்'. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் நீங்கள் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டீர்கள். அதே சட்டம், தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் உங்கள் வசிப்பிடம் மாறிவிடாது என்றும் சொல்கிறது. மனைவி மக்கள் ஊரில், நீங்கள் மேன்ஷனில் தங்கிக்கொண்டு மாதம் ஒருமுறை போய் வருகிறீர்கள் என்றால் ஊர்தான் உங்கள் இடம் என்று சொல்ல நியாயம் உண்டு. பத்து வருடமாகக் குடும்பத்தோடு தாம்பரத்தில் இருந்துகொண்டு, பொங்கலுக்கு மட்டும் ஊர் எட்டிப் பார்க்கிறவர் தாம்பரத்தில்தான் பதிய வேண்டும். உங்கள் தெருவில் சாக்கடை ஓடினால் எந்த எம்.எல்.ஏ.விடம் போவீர்களோ, அவரைத் தேர்ந்தெடுப்பதில்தானே உங்களுக்குப் பங்கு வேண்டும் என்பது என் வாதம். ஊர்ப் பாசம் வேறு விஷயம்.

2021-ல் மாநிலம் முழுக்க வாக்குப்பதிவு 70 சதவீதத்தைத் தாண்டியபோது சென்னை மாவட்டம் 60-ஐக்கூடத் தொடவில்லை. சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று உடனே திட்டுவார்கள். வீடு மாறிப் போனவர்களின் பெயர்கள் நீங்காமல் கிடந்த பட்டியலுக்கும் அதில் பங்கு உண்டு.

விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர்கள் பெற்றோர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதியலாம், ஏதாவது ஒன்றில்.

ஊருக்குப் போய்ப் போடப் போகிறவர்கள் தேதி அறிவித்த அன்றே ரயில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதே நினைப்போடு வந்த பெருங்கூட்டம் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

அன்றைக்கு லீவு தருவார்களா?

தர வேண்டும், சம்பளத்தைப் பிடிக்காமல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவு தனியார் நிறுவனம், கடை, தொழிற்சாலை, தினக்கூலி எல்லோருக்கும் பொருந்தும். வேறு ஊரில் வேலை செய்பவருக்கு அவருடைய தொகுதியில் வாக்குப்பதிவு என்றாலும் விடுமுறை உண்டு என்று ஆணையம் விளக்கியிருக்கிறது. வேலையை விட்டு வந்தால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ ஏற்படும் பணிகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. இந்தக் காலத்தில் அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள் என்பது நியாயமான கேள்வி.

எந்தெந்த ஆவணங்கள் செல்லும்?

வாக்காளர் அட்டை இருந்தால் அதுவே. இல்லாவிட்டால் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு அல்லது பொதுத்துறை நிறுவனப் பணி அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை, மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றில் ஒன்று.

ரேஷன் கார்டு செல்லாது. ஸ்மார்ட் கார்டாக மாறிய பிறகும் செல்லாது. நம் ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் எடுத்து நீட்டுவது குடும்ப அட்டையைத்தான், அதனால் பலரும் இங்கேயும் அதைக் கொண்டுவருவார்கள். காலேஜ் ஐடியும் இந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, "போனில் இருக்கு சார்" என்பது. போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதில் ஆதார் இருந்தென்ன, டிஜிலாக்கர் இருந்தென்ன? மின்னணு வாக்காளர் அட்டையைப் பதிவிறக்கியவர்கள் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். மற்றவர்கள் அசல் அட்டையோடு வாருங்கள்.

அட்டையில் என் பெயர் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடுவார்களா?

அனுப்ப மாட்டார்கள். சின்ன எழுத்துப் பிழைகளைப் பெரிதுபடுத்தக்கூடாது என்பது எங்களுக்கே கொடுக்கும் அறிவுறுத்தல். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, அதை மறுபடி தமிழாக்கும் வழியில் 'தனலட்சுமி' 'தானலட்சுமி' ஆவதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும். முகமே அடையாளம் தெரியாத பழைய படம் என்றால் வேறு ஆவணம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பூத் சிலிப் வரவில்லையே?

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னால் பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து தருவார். வராவிட்டாலும் ஓட்டுப் போடலாம், அது தகவல் சீட்டுதான். முன்பு படம் அச்சிட்ட சிலிப்பையே அடையாளமாக ஏற்றார்கள், 2019-லிருந்து அது கிடையாது. கட்சிக்காரர்கள் 100 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டு எழுதித் தரும் சீட்டையும் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. அது வெற்று வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும், சின்னமோ வேட்பாளர் பெயரோ இருக்கக்கூடாது.

தாத்தாவால் நடக்க முடியாது. வீட்டிலிருந்தே போட வழி உண்டா?

85 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் உண்டு. 2021-ல் இது 80 வயதாக இருந்தது, பிறகு 85 ஆக்கினார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும், பி.எல்.ஓ.வே வீட்டுக்குக் கொண்டுவருவார். பிறகு ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழு வரும். காகித அட்டையால் மறைப்பு வைத்து, ரகசியமாகத்தான் வாக்குச்சீட்டில் குறிக்க வேண்டும். பேரனோ மருமகளோ எட்டிப் பார்த்துச் சொல்லித்தர இடமில்லை. முதல் முறை ஆள் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி. இதற்கு ஒப்புக்கொண்டபின் பூத்துக்குப் போய்ப் போட முடியாது.

நான் தேர்தல் பணிக்குப் போகிறேன். என் ஓட்டு?

தபால் ஓட்டு. பயிற்சி வகுப்பிலேயே படிவம் 12 வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சக ஊழியர்கள் பலர் ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட வைத்துவிட்டுத் தங்கள் ஓட்டைக் கோட்டை விடுகிறார்கள். உறுதிமொழிப் படிவத்தில் யாரிடம் மேலொப்பம் வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. அங்கே நிராகரிக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள்தான் பிறகு நீதிமன்றம் வரை போனது. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் மேலொப்பம் போட்டது செல்லுமா என்பதுதான் வழக்கின் மையம். 2021-ல் தியாகராய நகர் 137 ஓட்டில் முடிவானது. ஒரு பள்ளிக்கூட ஊழியர்களின் தபால் ஓட்டு இந்தக் கணக்கை மாற்றிவிடும்.

துபாயில் இருக்கிறேன். அங்கிருந்தே போடலாமா?

இப்போதைக்கு முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவராக இருந்தால் படிவம் 6ஏ மூலம் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர் முகவரியில் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் போடுவதற்கு நேரில் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டுரிமை இல்லை.

வேட்பாளரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுத்திருப்பார்கள். சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம். வழக்கு உள்ளவர்கள் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த விளம்பரம் யார் கண்ணிலும் படாத மூலையில் பொடி எழுத்தில் வரும், தேடிப் படியுங்கள். பிரமாணப் பத்திரத்தில் நான் முதலில் பார்ப்பது மனைவி பெயரில் உள்ள சொத்தை.

காசு கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நம் இஷ்டத்துக்குப் போடலாம் என்கிறார்களே?

சட்டத்தில் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளி. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கியவர்கள் மேல் வழக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று நீங்கள் கேட்பது புரிகிறது.

தண்டனையை விடுங்கள், வேறு நஷ்டம் ஒன்று இருக்கிறது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தலை நிறுத்தினார்கள், நவம்பரில்தான் நடந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாகி டிசம்பருக்குப் போனது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அப்படியே நின்று ஆகஸ்டில் நடந்தது. கை நீட்டாதவர்களும் அத்தனை மாதம் பிரதிநிதி இல்லாமல் இருந்தார்கள். தேர்தல் செலவுக்கு ஒரு வேட்பாளருக்கு உள்ள வரம்பு 40 லட்சம் ரூபாய். தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு. தலைக்கு எவ்வளவு வந்தது என்று கேள்விப்படுகிறீர்களோ அதைப் பெருக்கிப் பாருங்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்து எங்கே திரும்ப எடுக்கப்படும் என்று தெரியும்.

கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கினார்கள், மாற்றிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவோம் என்றார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒரு பூத்தில் எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை ஓட்டு என்பது எண்ணிக்கைக்குப் பிறகு தெரியும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பட்டுவாடாவைப் பார்த்தால் ஆணையத்தின் 'சிவிஜில்' செயலியில் படமோ வீடியோவோ எடுத்து, உங்கள் பெயர் வராமலே அனுப்பலாம்.

கல்யாணத்துக்கு நகை வாங்கப் போகிறேன். பறக்கும் படை பிடிக்குமா?

50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கணக்குக் காட்ட ஆவணம் வேண்டும். வங்கியில் எடுத்த ரசீது, கல்யாணப் பத்திரிகை, வியாபாரி என்றால் விற்பனைச் சீட்டு. மாட்டுச் சந்தைக்கும் மண்டிக்கும் போகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பிடித்தால் ரசீது கேட்டு வாங்குங்கள், உரிய ஆவணத்தைக் காட்டித் திரும்பப் பெற மாவட்டத்தில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது.

பூத்துக்குள் என்னதான் நடக்கும்? முதல் முறை போகிறேன்.

மூன்று மேசை இருக்கும். முதல் மேசையில் அடையாள அட்டையைப் பார்த்து, உங்கள் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிப்பார்கள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்கள் தங்கள் படியில் கோடு போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் அந்த நேரத்தில்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது மேசையில் பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு, இடது ஆள்காட்டி விரலில் மை. நகத்தின் நுனியிலிருந்து முதல் மூட்டு வரை கோடாக இழுப்போம். மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கும் மை அது. காய்வதற்குள் துடைக்காதீர்கள், துடைத்தால் மறுபடி வைப்போம். பிறகு ஒரு சின்னச் சீட்டுத் தருவார்கள்.

அந்தச் சீட்டை மூன்றாவது மேசையில் கொடுத்ததும் அலுவலர் தன்னிடம் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்துவார். அட்டை மறைப்புக்குள் இருக்கும் இயந்திரத்தில் பச்சை விளக்கு எரியும். நீங்கள் போட விரும்பும் சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். உடனே வெளியே வந்துவிடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு ஏழு நொடி தெரிந்து, அப்புறம் உள்ளே விழும். நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்டால் ஓட்டுப் பதிவாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பச்சை விளக்கு எரியும் முன்பே அழுத்திவிட்டு, "வேலை செய்யலை சார்" என்பார்கள். பொறுமையாகப் பார்த்து அழுத்தினால் போதும்.

சட்டமன்றத் தேர்தலுக்கு இயந்திரத்தில் ஒட்டும் தாள் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். பெயர், சின்னத்தோடு வேட்பாளரின் வண்ணப் படமும் இப்போது உண்டு. நம் ஊரில் படம் ரொம்ப அவசியம். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான்தான். 2021-ல் கரூரில் 77 பேர் நின்றதால் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். அப்போது வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். அதனால் உங்கள் வேட்பாளர் எத்தனையாவது எண் என்பதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

நான் அழுத்தியது ஒன்று, சீட்டில் தெரிந்தது வேறு என்றால்?

அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ஏஜென்ட்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். நீங்கள் சொன்னது உண்மை என்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும். பொய் என்றால் உங்கள் மேல் வழக்கு. வெளியே வந்து வாட்ஸ்அப்பில் போடுவதால் ஒரு பயனும் இல்லை.

யாரையும் பிடிக்கவில்லை. நோட்டா போட்டால் என்ன ஆகும்?

கடைசிப் பொத்தான் அது. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதற்கு முன் 49ஓ விதிப்படி யாருக்கும் போடவில்லை என்று அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும், பூத்தில் இருக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். நோட்டாவில் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் நோட்டாவே முதலிடம் வந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.

என் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்!

சண்டை போடாதீர்கள், திரும்பியும் போகாதீர்கள். 49பி விதிப்படி டெண்டர் ஓட்டுக் கேளுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்தால் காகித வாக்குச்சீட்டுத் தருவார்கள், குறித்து மடித்துத் தலைமை அலுவலரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதைத் தனி உறையில் வைப்பார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஓட்டு சாதாரண எண்ணிக்கையில் சேராது. வித்தியாசம் குறைவாக இருந்து வழக்குப் போனால் நீதிமன்றம் அதை எடுத்துப் பார்க்கலாம். கள்ள ஓட்டு விழுந்ததற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கும். இது நேராமல் இருக்கக் காலையிலேயே போய்விடுவதுதான் நல்லது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா? கரை வேட்டி கட்டலாமா?

கைக்குழந்தை தாராளமாக வரலாம். முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு வரிசையில் முன்னுரிமை உண்டு. பார்வையற்றவர்களும் தானே அழுத்த முடியாதவர்களும் 18 வயதான ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம். ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் துணை போகலாம்.

100 மீட்டருக்குள் பிரசாரம் கூடாது, எனவே சின்னம் பொறித்த சட்டை, துண்டு, பேட்ஜ் கூடாது. கரை வேட்டி ஒவ்வொரு தேர்தலிலும் தகராறு. அன்று ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டுங்கள். போனை அணைத்து வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டு வாருங்கள். மறைப்புக்குள் படம் எடுத்தால் வழக்கு வரும். விரலை நீட்டி செல்ஃபி எடுப்பதெல்லாம் வெளியே வந்த பிறகு.

எத்தனை மணிக்குள் போக வேண்டும்?

வழக்கமாகக் காலை 7 முதல் மாலை 6 வரை. 2021-ல் கொரோனாவால் 7 மணி வரை இருந்தது. முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டுக் கொடுப்போம். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டே வருவோம், அப்போதுதான் பின்னால் புதிதாக யாரும் வந்து சேர முடியாது. சீட்டு வாங்கியவர்கள் எட்டு மணியானாலும் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆறு அடித்து ஒரு நிமிடம் கழித்து ஓடி வருகிறவருக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாது. கூட்டம் குறைவாக இருப்பது மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை. சித்திரை வெயில் தாங்குமென்றால் அப்போது வாருங்கள், பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.